லேசாகத்தான் அடிக்கிறது

எங்கள் வீட்டுக் கிரைண்டர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம் லேசாக அடித்துக்கொண்டிருந்தது. அதன் வெளிப்புறத்து எவர்சில்வர் தகட்டில் கை பட்டால் விரல் நுனியில் சுருக்கென்று எறும்பு கடித்தாற்போல ஓர் உணர்வு ஏற்படும். அம்மா அதற்கு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருந்தார்: ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கிரைண்டர் அருகே போவார். வீட்டுக்கு யார் வந்தாலும், "அதைத் தொடாதீங்க, லேசா அடிக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். சில கதவுகள் கிறீச்சிடுவதைப் போல, சில குழாய்கள் சொட்டுவதைப் போல, இது அந்தக் கிரைண்டரின் குணம் என்று நாங்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். இயற்பியலில் பட்டம் பெற்ற நானும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் கும்பகோணத்தில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, கொல்லைப்புறத் தாழ்வாரத்து ஓடு ஒழுகி, சமையலறைத் தரை முழுவதும் ஈரம் பரவியிருந்தது. அம்மாவின் செருப்பு அன்று காலையில்தான் வார் அறுந்துபோயிருந்தது. வெறுங்காலோடு நின்று, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரில் உளுந்துக்குத் தண்ணீர் தெளித்தவர், தடுமாற்றத்தில் ஈரக் கையைத் தகட்டின் மீது ஊன்றிவிட்டார். ஊன்றிய கையை எடுக்க அவரால் முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுக்க, பெரியம்மாவுக்கும் அடித்து அவர் சுவரோரம் போய் விழுந்தார். அந்தச் சத்தம் கேட்டு நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள், பக்கத்து வீட்டுத் தம்பி, ஐ.டி.ஐ.யில் படிக்கிறவன், அம்மாவையும் பெரியம்மாவையும் கவனிக்காமல் நேராக நடைக்கு ஓடி மெயினை அணைத்துவிட்டான். அவன் அணைத்த பிறகுதான் அம்மாவின் கை தளர்ந்தது.

அம்மா பிழைத்துவிட்டார். உள்ளங்கையில் ஒரு சிறு தீக்காயமும், பல நாட்கள் நீடித்த தோள்வலியும் மட்டுமே மிஞ்சின. "நன்றாகத்தானே இருக்கிறார், வீட்டுக்கு அழைத்துப்போகலாமா" என்று நான் கேட்டதற்கு, மின்சாரம் மார்பின் வழியாகப் பாய்ந்திருந்தால் இதயத் துடிப்பில் பின்னரும் கோளாறு வரக்கூடும் என்று சொல்லி, மருத்துவர் ஓரிரவு இ.சி.ஜி. கண்காணிப்பில் வைத்திருந்தார். அந்த இரவு முழுவதும் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். ஒன்றரை ஆண்டுகளாக அந்த இயந்திரம் தன்னிடம் பழுது இருப்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் அதைக் கேட்டு, செருப்பு வாங்கியிருக்கிறோம்.

லேசான ஷாக் என்று தனியாக ஒன்று கிடையாது என்பதை எல்லோருக்கும் புரிய வைத்துவிட வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். அது நம்மை எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதை அந்த 230 மட்டும் தீர்மானிப்பதில்லை. நம் உடல், காலடி, தரை ஆகியவற்றின் வழியாக நிலத்துக்குப் போய்ச்சேர அதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. காய்ந்த தோலும் ரப்பர் செருப்பும் உலர்ந்த தரையும் இருந்தால் தடை மிக அதிகம். அப்போது உடலில் ஓடுவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் இருக்கும், அதுதான் எறும்புக் கடி. அதே இயந்திரம், அதே பழுது, ஆனால் கை ஈரம், கால் ஈரம், தரை ஈரம் என்றால் உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கணக்குப் போட்டால் 200 மில்லி ஆம்பியருக்கும் மேல் வருகிறது. பத்து மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமல் போய்விடும். முப்பதைத் தாண்டினால் மூச்சுத் தசைகள் முடங்கக்கூடும். ஐம்பதிலிருந்து நூறுக்குள் இதயம் ஒழுங்கிழந்து துடிதுடித்து நின்றுபோகக்கூடும். எறும்புக் கடிக்கும் சாவுக்கும் நடுவே எங்கள் வீட்டில் இருந்தது அறுந்துபோன ஒரு செருப்பு வார்தான்.

மறுநாள் ஓர் எலக்ட்ரீசியன் அண்ணனை அழைத்து வந்து பார்த்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குறைகள் வெளிப்பட்டன. கிரைண்டர் மோட்டாரின் சுருளில் மின்காப்புப் பூச்சு உரிந்து, ஈரம் இறங்கி, உடற்பகுதிக்கு மின்சாரம் கசிந்திருந்தது. இது எந்த இயந்திரத்துக்கும் வயதானால் வரக்கூடியது. அப்படிக் கசிந்தாலும் ஆளை அடிக்காமல் நிலத்துக்குள் இறக்கிவிடுவதற்காகத்தான் பிளக்கில் மூன்றாவது பின் இருக்கிறது. மற்ற இரண்டைவிட அது நீளமாக இருப்பதற்குக் காரணம், செருகும்போது முதலில் அதுவே இணைய வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக அதுவே விலக வேண்டும் என்பதே. எங்கள் கிரைண்டரின் பிளக்கைத் திறந்து பார்த்தால், மூன்று பின்களும் அழகாக இருந்தன. ஆனால் அந்த மூன்றாவது பின்னோடு இணைய வேண்டிய பச்சை எர்த் வயரை யாரோ எப்போதோ பிளக் மாற்றும்போது நறுக்கி, உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். மூன்றாவது குறை கொல்லையில் இருந்தது. வீடு கட்டியபோது தாத்தா காலத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிப் புதைத்த எர்த் பைப்பின் தலையில் கட்டியிருந்த கம்பி துருப்பிடித்து அறுந்து, செம்பருத்திச் செடிக்குள் கிடந்தது. அதாவது, பச்சை வயர் ஒழுங்காக இணைந்திருந்தாலும் அது எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்காது. இன்னும் மோசமானது என்னவென்றால், அப்படி அறுந்த எர்த் கம்பி ஒரு வீட்டில் இருந்தால், கிரைண்டரில் கசியும் மின்சாரம் அந்தப் பச்சை வயர்கள் வழியாகவே குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் போய்விடும். ஒன்றில் பழுது, அடிப்பது வேறொன்று.

உங்கள் வீட்டு எர்த் குழி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? நான் கேட்ட பத்துப் பதினைந்து வீடுகளில் மூன்று வீட்டாருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். கோடையில் அந்தக் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஈரம் வற்றிய மண்ணில் மின்சாரம் எளிதில் இறங்காது. இணைப்புக் கம்பியைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்வதற்கு எலக்ட்ரீசியன்கூடத் தேவையில்லை. எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்க மட்டும் அவரிடம் சொல்ல வேண்டும், அதையும் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்ததாக நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புவது, பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சுகளைப் பற்றி. எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருந்தது. "டிரிப்பர்தான் இருக்கிறதே, ஆபத்து என்றால் தானாக விழுந்துவிடும்" என்று நாங்கள் நம்பியிருந்தோம். பெரும்பாலான வீடுகளில் இதே நம்பிக்கைதான் இருக்கிறது. ஆனால் எம்.சி.பி. என்பது வயரைக் காப்பாற்றும் கருவி. மனிதரைக் காப்பாற்றுவதற்கானது அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் மின்சாரம் ஓடி வயர் சூடாகும்போதுதான் விழும். அம்மாவின் உடலில் ஓடியது ஓர் ஆம்பியரில் கால் பங்குகூட இருந்திருக்காது, எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது ஒரு சிறிய பல்பு எரிவதற்குச் சமம், விழுவதற்குக் காரணமே இல்லை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்னும் வேறொரு கருவி. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். யாருடைய உடல் வழியாகவோ கொஞ்சம் நிலத்துக்குள் வழிந்துபோனால், அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் அல்லது எட்டியவுடன், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று குறிப்பிட்டுக் கேட்டு வாங்க வேண்டும். 100, 300 என்ற அளவுகளிலும் விற்கிறார்கள், அவை தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர, ஆளைக் காப்பாற்றும் அளவுகள் அல்ல. எங்களுக்குக் கருவிக்குச் சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. அந்தக் கிரைண்டரின் விலையில் பாதிகூட இல்லை.

ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருக்கும் வீட்டாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மழைக்காலத்தில் அது அடிக்கடி விழலாம்; விழுகிறது என்றால் பெரும்பாலும் எங்கேயோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவைத் தேடுவதற்கு அரைநாள் ஆகும் என்பதால், "இது தொந்தரவுங்க, எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்கிற எலக்ட்ரீசியன்கள் உண்டு; என் தோழி ஒருத்தியின் வீட்டில் அப்படியே செய்துவிட்டுப் போயிருக்கிறார் ஒருவர். இன்வெர்ட்டர் போடும்போதும் இதே கதைதான் நடக்கிறது. இன்வெர்ட்டருக்கான நியூட்ரல் வயரை, அதாவது மின்சாரம் திரும்பி வரும் வயரை, தனியாகப் பிரிக்காமல் இணைத்தால் ஆர்.சி.சி.பி. நிற்காமல் விழும், உடனே அதை ஒதுக்கிவிடுவார்கள். தயவுசெய்து இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடுதலாகக் கூலி கொடுத்தாவது வயரைப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டார் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: தெருவில் மின்சாரம் போனாலும், நீங்கள் மெயினை அணைத்தாலும், இன்வெர்ட்டரை அணைக்காத வரை அது செல்லும் வயர்களில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். "கரண்டு இல்லையே" என்று நினைத்து பல்பு ஹோல்டரில் கைவைப்பவர்கள் இதனால்தான் அடிபடுகிறார்கள்.

வீட்டுக்குள் இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. வாளியில் போடும் ஹீட்டர் ராடை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரலை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். தாழ்வாரத்தில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரின் உறை வெயிலில் வெடித்து, அது சாய்ந்திருக்கும் தகரத்திலோ இரும்புப் பைப்பிலோ மின்சாரம் ஏறி, அங்கிருந்து கொடிக்கம்பிக்கு வந்து, ஈரத் துணியைப் போடப்போன பெண்ணையும் காப்பாற்றப்போன கணவரையும் சேர்த்துக் கொன்ற செய்தியை மழைக்காலம்தோறும் நாளிதழில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நைலான் கயிற்றுக்கு ஐம்பது ரூபாய் போதும்.

வீட்டுக்கு வெளியிலும் நம்மிடம் அதே "லேசா அடிக்கும்" இருக்கிறது. எங்கள் தெருமுனையில் ஓர் இரும்பு விளக்குக் கம்பம் உண்டு. மழை பெய்தால் அதில் லேசாக அடிக்கும் என்று தெருவுக்கே தெரியும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, "கம்பத்துப் பக்கம் போகாதே, எதிர்ப்பக்கமாகப் போ" என்று தாய்மார்கள் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் கிரைண்டருக்குச் செருப்பு எப்படியோ, தெருவுக்கு எதிர்ப்பக்கம் அப்படி. வெளியூரிலிருந்து வருபவருக்கும், மாட்டுக்கும், பந்தைத் துரத்திக்கொண்டு ஓடும் குழந்தைக்கும் அந்த எதிர்ப்பக்கம் தெரியாது. சென்னை கொடுங்கையூரில் 2017 நவம்பர் 1 அன்று, வீட்டருகே தேங்கியிருந்த மழைநீரில் கால்வைத்த இரண்டு சிறுமிகள் அதில் கிடந்த மின்கம்பியால் உயிரிழந்தார்கள். எங்கள் பக்கத்திலேயே, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். அந்த ஊருக்கு என் உறவினர் ஒருவருடன் பின்னர் ஒருமுறை போயிருந்தேன். அந்தத் தெருவில் நடக்கும்போது தலையை நிமிர்த்தாமல் என்னால் இருக்க முடியவில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள்.

அம்மாவுக்கு அடிபட்ட பிறகுதான் அந்தக் கம்பத்தைப் பற்றிப் புகார் சொல்ல எனக்குத் தோன்றியது. தமிழ்நாட்டில் மின்சாரம் தொடர்பான எந்தப் புகாரையும் இரவு பகல் எந்நேரமும் சொல்வதற்கு மின்னகம் என்ற சேவை மையம் இருக்கிறது. அதன் எண் 94987 94987. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு சொன்னால் இடத்தை விளக்குவது எளிது. நான் சொன்ன மூன்றாம் நாள் ஆள் வந்து, கம்பத்தின் அடிப்பெட்டிக்குள் உறை உரிந்து கிடந்த வயரை மாற்றிவிட்டுப் போனார். "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்டபோது, மூன்று மழைக்காலம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அறுந்து விழுந்த கம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பொறி பறக்காமல், கயிறு போலச் சாதுவாகக் கிடந்தாலும் மின்சாரம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நின்றுபோன மின்சாரம் எந்த நொடியிலும் திரும்ப வரலாம். முப்பது அடிக்கும் குறையாத தூரத்தில் நின்று, மற்றவர்களையும் தடுத்து நிறுத்தி, தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை அங்கேயே காவல் இருப்பதுதான் செய்யக்கூடியது. கம்பி நிலத்தைத் தொட்ட இடத்திலிருந்து மின்னழுத்தம் வட்டவட்டமாகக் குறைந்துகொண்டே பரவும். அந்த இடத்தில் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாட்டால் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். கம்பியைத் தொடாமலேயே மாடுகள் செத்துக் கிடப்பது இதனால்தான். அவற்றின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி அதிகம், மின்சாரம் போகும் வழியில் இதயமும் இருக்கிறது. தெரியாமல் அருகில் போய்விட்டால், கால்களை அகட்டி ஓடாமல், இரண்டு பாதங்களையும் ஒட்டினாற்போல வைத்து, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வந்த வழியே விலக வேண்டும். கார் மீது கம்பி விழுந்தால், கார் தீப்பிடிக்காத வரை உள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் பாதுகாப்பு.

பெரியம்மா செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தங்கை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு எந்த அக்காவால் மெயின் சுவிட்சைத் தேடி ஓட முடியும்? ஆனாலும் அதைத்தான் செய்ய வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும், மெயின் எங்கே இருக்கிறது, அது எந்தப் பக்கம் இறக்கினால் அணையும் என்பது இருட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்கு முன்னால் அரிசி மூட்டையையும் பழைய செய்தித்தாளையும் அடுக்கிவைக்கக் கூடாது. மெயினை அணைக்கவே வழியில்லை என்றால் மட்டும், காய்ந்த பலகை மீதோ பிளாஸ்டிக் நாற்காலி மீதோ ஏறி நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஆளைத் தள்ளிவிடலாம். அதுவும் வீட்டு மின்சாரத்துக்குத்தான். உயரழுத்தக் கம்பிக்கு மரக்கட்டையும் பாதுகாப்பு இல்லை, அருகே போகவே கூடாது.

ஆள் விடுபட்ட பின்பு, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால், நம் ஊரில் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், உள்ளங்காலைத் தேய்ப்பார்கள், "போய்விட்டது" என்று அழுவார்கள். மின்சாரம் நிறுத்திய இதயத்தைத் திரும்ப இயக்குவதற்கு வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகும். ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் உடனே மார்பின் நடுவே ஒரு கைமேல் மறுகையை வைத்து, முழங்கையை மடக்காமல், மார்பு ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதை எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஒருமுறை பொம்மை மீது அழுத்திப் பழகுவது நூறு மடங்கு நல்லது. நானும் அந்தத் தம்பியும் சேர்ந்து அப்படி ஒரு பயிற்சிக்குப் போய்வந்தோம். இரண்டு நிமிடத்துக்குள் கை சோர்ந்துவிடுகிறது. அதனால் மாற்றி மாற்றி அழுத்த ஆள் வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஆங்கில மாதம் முதல் தேதியன்று அம்மா ஒரு முக்காலியில் ஏறி, ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துகிறார். டக்கென்று வீடு முழுவதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று பொருள். கிரைண்டருக்கு மோட்டார் சுருளை மாற்றி, புது பிளக் போட்டாயிற்று. கொல்லையில் புதிய எர்த் குழியின் மேல் தாம்பாளம் அளவுக்கு ஒரு சிமெண்டு மூடி இருக்கிறது. செம்பருத்தியை இரண்டடி தள்ளி நட்டிருக்கிறோம்.

போன வாரம் பெரியம்மாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில், மாயவரத்தில் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு கொஞ்ச நாளாக லேசாக அடிப்பதாகச் சொன்னார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாலைப் பக்கத்து வீட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்தில் எலக்ட்ரீசியன் அண்ணனை அழைத்துக்கொண்டு போகிறேன்.